கத்தி அண்ணனுக்கு, பொம்மை தங்கைக்கு: நெருப்புக் கதாபாத்திரங்களில் ஆணும் பெண்ணும்

#1 தணல்

விடுமுறையில் மகளோடு உட்கார்ந்து 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரை மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2005 முதல் 2008 வரை வந்த கார்ட்டூன் தொடர் இது. நெருப்பு, நீர் போன்றவற்றை உடலசைவால் ஏவத் தெரிந்தவர்களின் கதை. நீல மனிதர்கள் வரும் படம் வேறு.

இரண்டாம் பாகத்தில் ஒரு பழைய நினைவுக் காட்சி வரும். பெரியப்பா இரோ போர்முனையிலிருந்து தம்பி பிள்ளைகளுக்குப் பரிசு அனுப்புவார். நெருப்பை ஏவும் அரச குடும்பம் அது. அண்ணன் ஸூகோவுக்கு ஒரு கத்தி. சரணடைந்த எதிரித் தளபதியிடமிருந்து கிடைத்தது. போராடாமல் விட்டுக்கொடுக்காதே என்று அதில் பொறித்திருக்கும். தங்கை அஸூலாவுக்கு ஒரு பொம்மை. அந்த ஊர்ப் பெண்கள் இப்போது உடுத்தும் பாணியில் உடை போட்ட பொம்மை. அஸூலா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொளுத்திவிடுவாள்.

முதல் தடவை பார்த்தபோது, சின்ன வயதிலேயே இவள் மோசம் என்று காட்டத்தான் அந்தக் காட்சி என்று நினைத்தேன். இந்தத் தடவை பதினொரு வயது மகள் திரும்பிப் பார்த்து, "எனக்கும் கத்திதான்மா பிடிச்சிருக்கு" என்றாள். அதிலிருந்து தூக்கம் போய்விட்டது எனக்கு.

ஒரே வீடு, ஒரே இரத்தம், ஒரே நெருப்பு. ஸூகோவுக்கு நெருப்பு சரியாக வராது. அவன் பக்கத்திலேயே பெரியப்பா இருக்கிறார். முதல் அத்தியாயத்திலேயே சொல்லித் தருகிறார், வலிமை தசையில் இல்லை, மூச்சில் இருக்கிறது என்று. பிறகு கோபம் வடிந்ததும் அவன் நெருப்பும் வடிகிறது. அப்போதும் கதை அவனைக் கைவிடவில்லை. மலை மேலே ரான், ஷாவ் என்ற இரண்டு டிராகன்களிடம் அனுப்பி, நெருப்பு என்றால் உயிர் என்று புதிதாகப் பாடம் எடுக்கிறது.

அஸூலா? பதினான்கு வயதில் நீல நெருப்பு. மின்னலும் வரும். அவள் அறிமுகமாகும் காட்சியில் மின்னலைப் பழகுவாள். கிழவிகள் இருவர், "கிட்டத்தட்ட கச்சிதம், ஒரு முடி மட்டும் கலைந்துவிட்டது" என்பார்கள். கிட்டத்தட்ட என்பது போதாது என்று மறுபடி முயல்வாள். தொடர் முடியும்போது அதே முடியைத் தானே கன்னாபின்னாவென்று வெட்டிக்கொண்டு, கண்ணாடியில் இல்லாத அம்மாவோடு பேசி உடைந்துபோவாள்.

எங்கள் வீட்டுத் தீபாவளி நினைவுக்கு வந்தது. அண்ணனுக்கு லட்சுமி வெடியும் அணுகுண்டும். எனக்குக் கம்பி மத்தாப்பு, சாட்டை. பயம் எனக்கில்லை, பாட்டிக்குத்தான். "பொட்டப்புள்ள, மூஞ்சியில பட்டா என்ன ஆகுறது" என்பார். அண்ணன் மூஞ்சியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

நெருப்புள்ள ஆணுக்குக் கதை பயிற்சி கொடுக்கிறது, நெருப்புள்ள பெண்ணுக்குப் பூட்டுப் போடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இது சரியா, நான் பார்த்த கதைகள்தான் அப்படியா? உங்களுக்குத் தெரிந்த கதைகளைச் சொல்லுங்கள்.

#2 பிக்ஸல் குமரன்

அக்கா, காமிக்ஸில் இதைவிட வெளிப்படையாக இருக்கிறது.

1961இல் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே விண்கலம், ஒரே கதிர்வீச்சு, அக்காவும் தம்பியும் சேர்ந்தே மாட்டுகிறார்கள். தம்பி ஜானி நெருப்பாகிறான். அக்கா சூ யார் கண்ணுக்கும் தெரியாமல் போகிறாள். பெயரே 'இன்விசிபிள் கேர்ள்'. கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகும் 'கேர்ள்'தான். 1985இல்தான் 'உமன்' என்று மாற்றினார்கள். ஜானிக்கு அந்த நெருப்பு ஒரு கொண்டாட்டம். பற்ற வைத்துக்கொள்வான், பறப்பான், அணைத்துக்கொள்வான், வீட்டுக்கு வந்து சாப்பிடுவான்.

அடுத்து 'எக்ஸ்-மென்' காமிக்ஸின் ஜீன் கிரே. 1976இல் ஃபீனிக்ஸ் என்ற நெருப்புப் பறவைச் சக்தி ஆகிறாள். 1980இல் அவள் பசிக்கு ஒரு நட்சத்திரம் அணைகிறது, அதைச் சுற்றிய ஒரு கிரகமே அழிகிறது. கடைசியில் தன்னையே அழித்துக்கொள்கிறாள். முதலில் எழுதிய முடிவில் அவள் சக்தியை மட்டும் பறித்து உயிரோடு விட்டிருந்தார்கள். இவ்வளவு பேரைக் கொன்றவள் தண்டனையில்லாமல் போகக் கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் பிடிவாதமாக நின்றதால் முடிவு மாறியது.

நீங்கள் சொன்ன பூட்டு 2006இல் வந்த எக்ஸ்-மென் படத்தில் அப்படியே இருக்கிறது. அவள் சிறுமியாக இருந்தபோதே பேராசிரியர் அவள் மனதுக்குள் தடுப்புகள் கட்டிவைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் நடத்துகிறவர். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் சக்தியைப் பழக்குகிறவர். இவளுக்கு மட்டும் சுவர்.

#3 நெய்தல்

தணல், நீங்கள் முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்று தேடுவது போலத் தெரிகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் இந்தத் தலைப்பில் அக்கறை உண்டு. அதனால்தான் கறாராகக் கேட்கிறேன்.

ஒன்று, அஸூலாவுக்குப் பயிற்சி இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்தத் தொடரிலேயே அதிகம் பயிற்சி பெற்றவள் அவள்தான். ஸூகோவுக்கு முகத்தில் தழும்பு எப்படி வந்தது? பதின்மூன்று வயதில் பெற்ற அப்பனே சுட்டது. அந்த வீட்டில் வதைபட்டது பையன்தான்.

இரண்டு, அதே தொடரில் ஜியாங் ஜியாங் என்று ஒரு பெரியவர் வருவார். நெருப்பு சாபம் என்று சொல்லி ஆற்றங்கரையில் ஒதுங்கி வாழ்வார். அவர் ஆண். ஸாவ் என்ற தளபதி கோபத்தில் தன் கப்பல்களைத் தானே கொளுத்திக்கொள்வான். அவனும் ஆண். அடக்கத் தெரியாத நெருப்பு பெண்ணுக்கு மட்டும் எழுதப்படவில்லை.

மூன்று, 'மை ஹீரோ அகாடமியா' என்ற ஜப்பானியக் காமிக்ஸில் டாபி. அப்பன் எண்டவர் நெருப்பு வீரர்களிலேயே முதல் வரிசை. மூத்த மகனின் நெருப்பு அப்பனுடையதைவிடக் கொடியது. ஆனால் உடம்பு தாங்காது. தெரிந்ததும் அப்பன் பயிற்சியை நிறுத்திவிடுகிறான். பையன் தனியாக மலைக்குப் போய் எரிந்து, தையல் போட்ட தோலோடு வில்லனாகத் திரும்பி வருகிறான். இவன் எந்தப் பக்கம்?

#4 தணல்

நெய்தல், டாபியை மறந்தது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் கதையை நீங்களே சொன்ன வரிசையில் பாருங்கள். சொல்லிக்கொடுத்தவரை பையன். "உனக்கு இனி வேண்டாம்" என்று நிறுத்திய நாளிலிருந்து சாம்பல். உடம்பு ஏன் தாங்கவில்லை என்று கதை சொல்லும் காரணம், நெருப்பு அப்பாவுடையது, உடல்வாகு அம்மாவுடையது, அம்மா பனிச் சக்தி உள்ளவள் என்பது. அங்கேயும் குறை வரும் வழி அம்மா வழிதான்.

அப்படியானால் என் வாக்கியத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். பூட்டு யார் மேல் விழுந்தாலும் உடைப்பு வரும். கதைகள் அதைப் பெரும்பாலும் பெண் மேல் போடுகின்றன. இது இன்னும் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

அஸூலாவுக்குப் பயிற்சி இருந்தது, சரி. பெரியப்பா இல்லை. தன்னை அப்பன் ஒரு காரியத்துக்குப் பயன்படுத்துகிறான் என்று அவளுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஸூகோ ஓரிடத்தில், அவள் என் தங்கை, நான் இணங்கிப் போக வேண்டும் என்றுதானே சொல்லப் போகிறீர்கள் என்று கேட்பான். இல்லை, அவள் பைத்தியம், அவளை அடக்கியே ஆக வேண்டும் என்பார் இரோ. தொடர் முழுவதும் யாரையும் எளிதில் கைவிடாத மனிதர் அவர். திருட வந்தவனுக்கு நிற்கும் முறை கற்றுக்கொடுத்து, தேநீரும் ஊற்றிக்கொடுத்து அனுப்புகிறவர். தம்பி மகளுக்கு மட்டும் ஒரு கோப்பை இல்லை. பொம்மைதான்.

#5 கூடல்வாசி

பிள்ளைகள் பேசும் தொடர்கள் எனக்குத் தெரியாது. ஆனால் மதுரைக்காரன், நெருப்பு என்றதும் சும்மா இருக்க முடியவில்லை.

அம்மா தணல், நீங்கள் கேட்ட பூட்டு இல்லாத ஒரு பெண் நம்மிடம் இருக்கிறாள். கண்ணகி நகரத்தை எரித்தாள் என்று எல்லோரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். எப்படி எரித்தாள் என்று சிலப்பதிகாரத்தின் வஞ்சின மாலைப் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். இடமுலையைத் திருகி எறிந்ததும் தீ தானாகப் பரவவில்லை. அங்கி வானவன், அதாவது தீக்கடவுள், வருகிறான். நீல நிறம், செக்கர் வானம் போன்ற சடை, பால் போன்ற பல், பார்ப்பனக் கோலம். வந்தவன் அவளிடம் கேட்கிறான், "யார்பிழைப்பார் ஈங்கு" என்று. தீக்கடவுள் ஒரு பெண் முன்னால் நின்று உத்தரவு கேட்கிறான். அவள் சொல்கிறாள்:

பார்ப்பார் அறவோர் பசுப்பத் தினிப்பெண்டிர்
மூத்தோர் குழவி எனும்இவரைக் கைவிட்டுத்
தீத்திறத்தார் பக்கமே சேர்க

கணவனின் வெட்டுண்ட உடலைப் பார்த்துவிட்டு வந்தவள். அரசன் அவையில் வாதாடி, சிலம்பை உடைத்துக் காட்டி, அவன் "யானோ அரசன் யானே கள்வன்" என்று விழுந்து சாவதையும் பார்த்தவள். அந்த நிலையில் யாரைச் சுடக் கூடாது என்று வரிசை சொல்லும் தெளிவு அவளிடம் இருக்கிறது. தலைவிரி கோலத்தையே படம் போட்டுப் போட்டு, அவள் வாயிலிருந்து வந்த அந்த வரிசையை மறைத்துவிட்டோம். பள்ளிக்கூட நாடகத்தில்கூட அந்த வரியைச் சொல்ல விடுவதில்லை. கத்தச் சொல்கிறார்கள்.

#6 நெய்தல்

ஐயா, அந்த இடத்தை நானும் விரும்பிப் படித்தவன்தான். ஆனால் முந்திய வரியை விட்டுவிட்டீர்கள். "பாயெரி இந்தப் பதியூட்டப் பண்டேயோர் ஏவ லுடையேனால்" என்கிறான் தீக்கடவுள். உனக்குப் பிழை செய்யும் நாளில் இந்த ஊரை எரிக்க எனக்கு முன்பே ஓர் ஏவல் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி வந்து, ஆடி மாதம், தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை மதுரை எரியும் என்று ஏற்கெனவே உரை உண்டு என்கிறது. கோவலன் செத்ததற்கும் முற்பிறப்புக் கதை சொல்கிறது.

ஆக, எரிப்பது என்ற முடிவு அவளுடையது அல்ல. யாரைத் தப்பவிடுவது என்பதுதான் அவள் கையில். அவளிடம் கொடுத்துவிட்டு, ஊழ் என்று பின்னாலேயே வந்து பாதியை இளங்கோ திரும்ப வாங்கிக்கொள்கிறார்.

#7 கூடல்வாசி

நெய்தல், நல்ல இடத்தில் பிடித்தீர்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஏவல் முன்பே இருந்தது உண்மை. ஆனால் அந்த ஏவலில் விலக்கு எதுவும் இல்லை. ஊரை உண்ண வேண்டும், அவ்வளவுதான். குழந்தையையும் கிழவரையும் விடு என்பது அவள் வாயிலிருந்து மட்டும்தான் வந்தது. ஊழுக்கு இல்லாத அறம் அவளுக்கு இருந்தது என்றுதான் நான் படிக்கிறேன்.

அதற்குப் பின் ஆண்கள் என்ன செய்தார்கள் என்று நூலின் தொடக்கத்தில் வரும் உரைபெறு கட்டுரையில் பாருங்கள். பாண்டிய நாட்டில் மழையில்லை, வறுமை, வெப்பு நோய். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் நங்கைக்குச் சாந்தி செய்கிறேன் என்று பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்றான். குற்றம் செய்தவன் ஒரு பொற்கொல்லன். யார் யாரை விட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சொன்னவளின் பெயரால், பார்க்காமல் ஆயிரம் தலை. அதற்கு நூல் கொடுக்கும் பெயர் சாந்தி. பெண்ணின் தீயைக் குளிர்விக்கிறார்களாம். படிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும் எனக்கு.

இன்னொன்று. இதே ஊர், இதே பாண்டியர் அரண்மனை, இன்னொரு தீ. திருஞானசம்பந்தரைக் கதாபாத்திரம் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அவர் நாயனார். ஆனால் கதை சொல்லும் விதத்தைப் பேசலாம். அவர் தங்கிய மடத்துக்குத் தீ வைத்தார்கள். பிள்ளை அந்தத் தீயைத் திருப்பி அனுப்புகிறார், "பையவே சென்று பாண்டியற் காகவே" என்று. பைய என்றால் மெல்ல, எங்கள் பக்கத்தில் இன்றும் "பையப் போ" என்போம். அரசி மங்கையர்க்கரசியார் தாலிக்குத் தீங்கு வரக் கூடாது என்பதால் அந்தப் 'பைய' என்று பெரியவர்கள் சொல்வார்கள். தீ அரசனுக்கு வெப்பு நோயாகப் போகிறது, அவரே திருநீறு பூசி ஆற்றுகிறார், அரசன் பணிகிறான், கதை மங்கலமாக முடிகிறது. ஆண் பிள்ளையின் தீக்கு அனுப்பவும் தெரியும், திரும்பக் கூப்பிடவும் தெரியும். அந்தப் பிள்ளைக்கு உமையே பால் கொடுத்து ஞானம் ஊட்டியிருந்தாள். கண்ணகிக்கு யார் என்ன ஊட்டினார்கள்? மதுராபதித் தெய்வம்கூட முன்னால் வர அஞ்சி, பின்பக்கமாக வந்துதான் பேசுகிறது.

#8 கம்பன்வீட்டுக் கட்டுத்தறி

இழை ஓடும் போக்கைப் பார்த்ததும் சுந்தர காண்டத்தை எடுத்துவிட்டேன்.

தோளில் ஏறுங்கள், கொண்டுபோய் விடுகிறேன் என்று அனுமன் சொல்கிறான். சீதை மறுக்கிறாள். மறுக்கும்போது கம்பன் அவள் வாயில் வைக்கும் பாட்டு:

எல்லை நீத்த உலகங்கள் யாவும்என்
சொல்லி னாற்சுடு வேன்அது தூயவன்
வில்லின் ஆற்றற்கு மாசென்று வீசினேன்

இலங்கை என்ன, உலகங்கள் எல்லாவற்றையும் என் ஒரு சொல்லால் சுட்டுவிடுவேன், அது இராமன் வில்லுக்கு இழுக்கு என்று விட்டுவிட்டேன் என்கிறாள். தணல் சொன்ன பூட்டு இதைவிடத் துல்லியமாக எங்கும் எழுதப்படவில்லை. சாவி அவள் கையில்தான் இருக்கிறது. பூட்டியதும் அவளே. காரணம், அவர் வில்.

கொஞ்ச நேரத்தில் இலங்கை எரிகிறது. எரிப்பவன் அனுமன், வால் நெருப்பால். அந்த நெருப்பு அவனைச் சுடாதபடி வேண்டிக்கொள்பவள் சீதை. அவள் நெருப்பு இப்படி இன்னொருவருக்குக் குளிர்ச்சியாக மட்டுமே செலவாகிறது. வால்மீகியில் ஊரை எரித்து முடித்ததும் அனுமன் திடுக்கிட்டு, கோபத்தில் இப்படிச் செய்துவிட்டேனே, சீதையும் எரிந்திருந்தால் என்று தன்னையே நொந்துகொள்கிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. யோசிக்காமல் எரித்தவனுக்கு வருந்தவும் தேறவும் கதை இடம் தருகிறது. அவனைப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. குழந்தைகளுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறோம்.

யுத்த காண்டத்து மீட்சிப் படலத்தில் சீதை தீயில் இறங்குகிறாள். "பாய்தலும் பாலின் பஞ்செனத் தீய்ந்தது அவ்வெரி அவள் கற்பின் தீயினால்." நெருப்பையே சுட்ட நெருப்பு. உலகத்தைச் சுடக் கூடியதென்று அவளே சொன்ன அதே தீ, கடைசியில் தான் நல்லவள் என்று நிரூபிக்க மட்டும் பயன்பட்டது. கம்பன் பாட்டின் அழகில் மயங்கி எத்தனையோ வருடம் இதைக் கவனிக்காமல் கடந்திருக்கிறேன்.

#9 வரப்பு

நடுவில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தீக்குளித்துத் தூய்மை காட்டச் சொல்லப்பட்டது பெண்கள் மட்டும் இல்லை. நந்தனார் என்கிற திருநாளைப்போவார். தில்லைக்குள் போக வேண்டுமென்றால் தீயில் மூழ்கி எழ வேண்டும் என்று பெரியபுராணத்தில் வருகிறது. மூழ்கி எழுந்தபோது மார்பில் பூணூலோடு முனிவராக வருகிறார். ஆண்தான், ஆனால் புலையர் குலம்.

ஆண், பெண் என்று மட்டும் பிரித்தால் இவர் விட்டுப்போவார். எந்த உடம்பை அழுக்கு என்று ஊர் சொல்கிறதோ, அந்த உடம்பைத்தான் தீக்குள் இறங்கச் சொல்கிறார்கள். மற்றவர்கள் தீயை ஏவுகிறார்கள். இதை யாராவது விரித்து எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

#10 மீனா_சிங்கை

வரப்பு சொன்னதை ஒட்டியே எழுதுகிறேன். இங்கே சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீபாவளிக்கு முன்னால் தீமிதி நடக்கும். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் நடந்து வருவார்கள். தீமிதி திரௌபதிக்கு. போர் முடிந்து, கூந்தல் முடிந்து, கற்பை மெய்ப்பிக்கத் தீயில் நடந்தாள் என்ற கதைக்காக. ஆனால் இங்கே தீக்குழியில் இறங்குவது ஆண்கள் மட்டும். பெண்களுக்கு வேறு நேர்த்திக்கடன்கள். தமிழ்நாட்டில் சில ஊர்களில் பெண்களும் மிதிக்கிறார்கள் என்று தெரியும். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, அப்பா மஞ்சள் வேட்டியோடு ஓடி வந்து பால் குழியில் காலை வைப்பதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். அம்மா கையில் துண்டோடு நிற்பார். நடந்தது ஒரு பெண் என்பதற்காக நடத்தும் விழா. குழிக்குள் பெண் இல்லை. பக்தி எனக்குக் குறையவில்லை, ஆனால் இந்த நெருடல் போகவும் இல்லை.

திரௌபதிக்கு ஓர் அண்ணன் உண்டு, திருஷ்டத்யும்னன். அவனும் அதே வேள்வித் தீயில் வந்தவன். அவன் வரும்போதே கவசம், கிரீடம், வில், எல்லாம் உடம்போடு வருகின்றன. அவன் துரோணரைக் கொல்லப் பிறந்தவன் என்று தெரிந்தும் அவனுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது யார்? அதே துரோணர். கொல்லப் போகிறவனுக்கும் குரு கிடைக்கிறார். பின்னாலேயே வேதியிலிருந்து தங்கை வருகிறாள். அவளுக்கு அசரீரி மட்டும்: க்ஷத்திரியர்களின் அழிவுக்கு இவள் காரணமாவாள். அடுத்து சுயம்வரம்.

அண்ணனுக்கு வில், தங்கைக்கு மாலை. தணல் அக்காவின் கத்தியும் பொம்மையும்தான்.

அவையில் அவளை இழுத்து வந்தபோது தீயில் பிறந்தவள் கையில் தீ இல்லை. பாரதி பாஞ்சாலி சபதத்தில் பீமனைத்தான் கேட்க வைக்கிறார், "எரிதழல் கொண்டுவா, கதிரை வைத்திழந்தான் அண்ணன் கையை எரித்திடுவோம்" என்று. அப்போதும் தழலைக் கொண்டுவர வேண்டியவன் சகாதேவன்.

#11 பிக்ஸல் குமரன்

அக்கா, "அண்ணனுக்கு வில்" என்று படித்ததும் எனக்கு ரைஸா நினைவு வந்துவிட்டது. இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' 2001 முதல் 2010 வரை வந்த மாங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ். வரைந்தவர் ஹிரோமு அரகாவா, பெண். அதில் ராய் மஸ்டாங் விரலைச் சொடுக்கினால் தீ. அந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் ரைஸாவின் அப்பா. வெளியே யாருக்கும் போய்விடக் கூடாது என்று மொத்தச் சூத்திரத்தையும் மகள் முதுகில் பச்சை குத்திவைத்தார். அப்பா இறந்த பிறகு ரைஸா, நல்ல எதிர்காலம் வரும் என்று நம்பி, முதுகைக் காட்டுகிறாள். மஸ்டாங் படித்துக்கொள்கிறான். போரில் ஒரு மக்கள் கூட்டத்தையே அந்தத் தீயால் அழிக்கிறான்.

போர் முடிந்ததும், இன்னொரு தீ வித்தைக்காரன் உருவாகக் கூடாது, என் முதுகை எரித்துவிடு என்று அவனிடமே கேட்கிறாள். அவனும் செய்கிறான். ஒரு காட்சியில் சட்டை இல்லாமல் திரும்பி நிற்பாள். கோடுகளும் வட்டங்களும், நடுவே பொசுங்கிப்போன தோல்.

வித்தை அவள் உடம்பில் இருக்கிறது. அவள் கையில் துப்பாக்கி. தீ அவன் கையில். அரகாவா இதைத் தெரிந்தே எழுதினார் என்று நம்புகிறேன், ஏனென்றால் மஸ்டாங் கோபத்தில் எல்லை மீறப் போகும் இடத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நிற்பது ரைஸாதான். தீயை எப்போது நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

#12 சவுக்குத்தோப்பு

இழையை முதலிலிருந்து ஒரே மூச்சில் படித்தேன். கதைகள் எனக்கு அவ்வளவு தெரியாது. அடுப்பு தெரியும்.

என் அம்மாவுக்கு ஈர விறகைக் கையில் எடுத்தாலே எவ்வளவு புகையும் என்று தெரியும். சோறு கொதிக்கும்வரை சவுக்கு மிலார், பிறகு நின்று எரியக் கருவேலங்கட்டை, பால் காய்ச்ச வெறும் தணல். கொதி வந்ததும் கட்டையை எவ்வளவு வெளியே இழுக்க வேண்டும் என்பதற்கு அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. கேட்டால் சொல்லத் தெரியாது, கை செய்யும். ராத்திரி நெருப்பைச் சாம்பலால் மூடிவைப்பார். விடிகாலையில் சாம்பலைக் கிளறி, தேங்காய் நார் வைத்து, ஊதாங்குழலில் நாலு ஊது. பிடித்துவிடும். தீப்பெட்டிக் காசு மிச்சம்.

நீங்கள் எல்லோரும் சொன்ன ஆண் கதாபாத்திரங்கள் மலையேறிப் போய்க் கற்றுக்கொள்வதை என் அம்மா தினமும் இரண்டு வேளை செய்தார். மூச்சு, பொறுமை, எப்போது ஊத வேண்டும், எப்போது விட வேண்டும். அந்த ஊரில் நெருப்பை அடக்கத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். அவர்களைப் பார்த்து ஊர் சொன்னது "அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு." அதையே ஒரு வித்தை என்று எடுத்துக்கொண்டு, ஊதாங்குழலோடு ஒரு கதாநாயகியை யாராவது எழுதியிருக்கிறார்களா? இருந்தால் சொல்லுங்கள், வாங்கிப் படிக்கிறேன்.

#13 நெய்தல்

சவுக்குத்தோப்பு, உங்கள் பதிவுக்கு என்னிடம் உதாரணம் இல்லை. தேடுகிறேன்.

தணல், நான் முழுதாக உங்கள் பக்கம் வந்துவிடவில்லை. ஜீன் கிரே, அஸூலா போன்றவர்கள் எரிந்து முடிவதால் மட்டும் அவர்கள் பலவீனமாக எழுதப்பட்டார்கள் என்று நான் ஏற்க மாட்டேன். ஜானி ஸ்டார்மை யாரும் இரவில் நினைத்து வருந்துவதில்லை. ஜீனை நாற்பது வருடமாகப் பேசுகிறார்கள். கதை நெருப்பின் முழு எடையையும் தூக்கக் கொடுத்தது அவர்களிடம்தான். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

ஆனால் குரு என்ற இடத்தில் நீங்கள் சொன்னதை மறுக்க முடியவில்லை. இரண்டு நாளாக எதிர் உதாரணம் தேடுகிறேன். ஸ்டீஃபன் கிங்கின் 1980 நாவலில் வரும் சார்லி என்ற சிறுமியைப் பிடிப்போம் என்று போனேன். நினைத்த மாத்திரத்தில் தீ மூட்டுவாள். அவளைப் பெற்றவர்கள் பாசமானவர்கள், நல்லவர்கள். அவளுக்குக் கற்றுக்கொடுப்பதெல்லாம் அது கெட்ட காரியம், செய்யாதே என்பதுதான். ஒரு குழந்தைக்குக் கழிப்பறை பழக்குவது போல அடக்கப் பழக்குகிறார்கள். உங்கள் பட்டியலில்தான் போய்ச் சேர்ந்தாள்.

#14 தணல்

எல்லோருக்கும் நன்றி. கூடல்வாசி ஐயா, அந்த மூன்று வரியை மகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். 'பசுப்பத் தினிப்பெண்டிர்' என்று பிரித்துப் படிக்கும்போது அவளுக்கு வாய் சிக்குகிறது, விடாமல் சொல்கிறாள்.

நெய்தல், எடை என்று நீங்கள் சொன்னதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கும் அஸூலாதான் மனதில் நிற்கிறாள், ஸூகோ இல்லை. ஆனால் அந்த எடையைத் தூக்கிக்கொண்டு அவள் எழுந்து நடப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. அவளுக்குப் பதினான்கு வயது.

நேற்று கடைசி அத்தியாயம் பார்த்து முடித்தோம். நீரை ஏவும் கட்டாரா என்ற பெண் அவளைச் சங்கிலியால் கட்டிவிட்டு நகர்ந்ததும், அஸூலா தரையில் கிடந்து கத்தி அழுது வாயிலிருந்து நெருப்பாகக் கக்குவாள். இசை மட்டும் மெதுவாக ஓடும். அண்ணன் கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். மகள் ஒன்றும் பேசவில்லை. தொடர் முடிந்து ஸூகோ முடிசூடி, எல்லோரும் இரோவின் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கும் காட்சி வந்தபோது கேட்டாள்: "அவ எங்கம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி. "அந்த முடிய யாராச்சும் சரி பண்ணிவிட்டாங்களா?"

சவுக்குத்தோப்பு, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். எங்கள் அத்தை வீட்டில் இன்னும் விறகடுப்பு இருக்கிறது. ஊதாங்குழல் இருக்கிறதா என்று போன் பண்ணிக் கேட்டேன். பரணில் கிடக்கிறதாம், எடுத்துக் கழுவி வைக்கிறேன் என்றார்.